சனிக்கிழமை சாயங்காலம் எந்தக் கூட்டத்துக்குப் போவது? குடியை விட நினைக்கும் சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி. இன்னொருவர் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து மேஸ்திரி ஒருவரின் வீட்டுக்காரம்மா. "குடியை விடறவங்களுக்குக் கூட்டம் நடக்குதாமே, அதுல எதுக்குப் போறதுங்கண்ணா? ஏ.ஏ. கூட்டமா, ஆஸ்பத்திரியில நடத்தறதா, போன்லயே நடக்குதாமே அதுவா?" ஏ.ஏ. என்பது குடிநோயாளிகளே கூடித் தங்கள் கதையைப் பேசிக்கொள்ளும் கூட்டம்.

நான் குடியை நிறுத்தி எட்டு வருஷம் ஆகிறது. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வகைக் கூட்டத்திலும் உட்கார்ந்து எழுந்தவன் என்று தெரிந்து கேட்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் நான் வேறு வேறு பதில் சொன்னேன். அது ஏன் என்று எழுதிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

கை நடுங்கினால் முதலில் டாக்டர்

ஒப்பிட ஆரம்பிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால், கூட்டம் அப்புறம்; டாக்டர் முதலில். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, சட்டென்று நிறுத்தினால் தாங்காது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சி ஊர்வதாகச் சொல்லத் தொடங்கலாம். இதில் உயிர் போவதும் உண்டு. வைராக்கியத்தோடு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மாத்திரையும் வைட்டமின் பி1-உம் கொடுத்து, சில நாளில் பக்குவமாக இறக்கிவிடுவார்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு அந்த வாசலிலிருந்து திரும்பியவன்தான் நானும். குடிக்கு வைத்தியம் பார்ப்பது அந்தப் பிரிவுதான். பெயரைப் பார்த்துத் திரும்பியதில் எனக்கு ஒன்றரை வருஷம் போனது.

எதை வைத்து எடை போடுவது

எது சிறந்த முறை என்று நான் மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டேதான் விசாரித்தேன். இப்போது யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் வாரமும் நீங்கள் போகக்கூடிய கூட்டம் எது? முதல் வாரம் வீட்டில் அழுத அழுகை தள்ளிக்கொண்டு போகும். இரண்டாம் வாரம் சொந்த ரோஷம். மூன்றாம் வாரம் மழை பெய்யும், இல்லை ஒரு கல்யாணம் வரும்.

அதனால் நான் பார்ப்பது நான்கு. முதலாவது நேரம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. நம் ஊரில் பட்டறைக்கும் தறிக்கும் பெரும்பாலும் சனிக்கிழமை கூலி. உங்கள் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும் நேரத்தில் ஒரு கூட்டம் இருந்தால் அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. இரண்டாவது கண், அதாவது யார் பார்ப்பார்கள் என்பது. மூன்றாவது காசு. கூட்டம் இலவசம்தான், பஸ், அரை நாள் கூலி, போனுக்கு டேட்டா இவையெல்லாம் இலவசம் இல்லை. நான்காவதை யாரும் கேட்பதில்லை: நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டால் மறுபடி அங்கே எந்த முகத்தோடு போவீர்கள்?

மாலை போடுவதையும் கோயிலில் கயிறு கட்டுவதையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கிண்டலுக்காகச் சொல்லவில்லை, மாலை போட்டிருந்த நாற்பத்தெட்டு நாளும் நான் ஒரு சொட்டு தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நேரில் போகும் ஏ.ஏ. கூட்டம்

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிகாரர்கள். இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. ஆக்ரனில் தொடங்கி இரண்டே வருஷத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதற்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது நம் சேலம் மாவட்டத்தை. மதுவிலக்கு எத்தனையோ தடவை வந்து போய்விட்டது. அந்த இரண்டு பேர் பேசிக்கொண்ட முறை அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

அங்கே என்னதான் நடக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். நாற்காலி போட்டு உட்காருவார்கள். ஒருவர் எழுந்து "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், புத்திமதி சொல்லமாட்டார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடியும். படிவம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். பத்து ரூபாய் போட்டாலும் சரி, கையை மட்டும் விட்டு எடுத்தாலும் சரி. வெளியாள் நன்கொடை கொடுத்தால் வாங்கமாட்டார்கள். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

நான் முதல் தடவை போனபோது அந்தத் தெருவை மூன்று சுற்று சுற்றினேன். வாசலில் கிடந்த செருப்பை எண்ணினேன்: ஏழு ஜோடி. ஏழு பேர்தானே என்று உள்ளே நுழைந்தால், எங்கள் ஆபீசுக்கு வாராவாரம் சரக்கு போடுகிற வியாபாரி உட்கார்ந்திருந்தார். எவர் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேனோ அவரே. திரும்பி ஓடலாமா என்று நான் நினைத்த நொடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, டீ இருக்கு" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. இன்றுவரை ஆபீசில் நாங்கள் சரக்கு, வாடகை தவிர வேறு எதுவும் பேசியதில்லை. அங்கே கேட்டதும் பார்த்ததும் அங்கேயே இருக்கட்டும் என்பது விதி. பத்திரிகை, வானொலி, சினிமா என்று பொதுவெளியில் உறுப்பினர் தன் பெயரை வெளியிடுவதில்லை என்பதும் அவர்களுடைய மரபு. இந்தக் கட்டுரையில் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

கடவுள் விஷயம் ஒன்று இருக்கிறது. குடியிலிருந்து மீள ஏ.ஏ.-வில் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். "நாம் புரிந்துகொண்ட வகையில்" என்ற ஒட்டோடு வருகிறார். பல ஊரில் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட அறையிலோ கூட்டம் நடக்கும், அதைப் பார்த்து மதம் மாற்றுகிறார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இடம் கிடைத்தது அங்கே, விஷயம் அவ்வளவுதான். எந்த மதத்தோடும் கட்சியோடும் அவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. திராவிடர் கழகத்துக்கு அந்தப் பெயர் வைத்ததே 1944-இல் சேலத்தில் நடந்த மாநாட்டில்தான். நாத்திகருக்கு நம் ஊரில் பஞ்சமா? எங்கள் குழுவில் ஒரு பெரியவர் கடவுள் என்று வரும் இடத்திலெல்லாம் மனசுக்குள் 'இந்தக் கூட்டம்' என்று மாற்றிப் படித்துக்கொள்வதாகச் சொல்வார்.

கணக்கில் வராத செலவு இங்கே வீட்டில்தான். "அப்போ குடிச்சிட்டு லேட்டா வந்தீங்க, இப்போ கூட்டம்னு லேட்டா வரீங்க" என்று என் வீட்டில் ஆறு மாதம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்னொன்று, எல்லாக் குழுவும் ஒன்றுபோல் இருக்காது. மூத்தவர் ஒருவரே நாற்பது நிமிஷம் பேசும் குழுவும் உண்டு. ஒன்று சரிப்படவில்லை என்றால் ஏ.ஏ.-வையே விட வேண்டாம், குழுவை மாற்றுங்கள். பெண்களுக்கு ஒரு வார்த்தை: சின்ன ஊர்க் கூட்டங்களில் ஆண்கள்தான் நிறைந்திருப்பார்கள். பத்து ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாக உட்காரத் தயக்கமாக இருந்தால், பெண்களுக்கென்று நடக்கும் போன் கூட்டத்தில் தொடங்குவது நல்லது.

குடித்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு இதைவிட நல்ல வாசலை நான் பார்க்கவில்லை. ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு அடுத்த நாள் நான் வழுக்கினேன், பதினோரு மாதம் கழித்து. மறு வாரம் போய் உட்கார்ந்தபோது ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி அல்லது மறுவாழ்வு மையம் நடத்தும் கூட்டம்

இங்கே ஒரு ஆலோசகர் நடத்துவார், பக்கத்தில் டாக்டர் இருப்பார். மனைவி, அம்மா என்று வீட்டாரையும் கூடவே உட்காரவைப்பார்கள். தூக்கம் வரவில்லை, மனசு பாரமாக இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கேயே சொல்லலாம். ஏ.ஏ.-வில் இதற்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் வெளிநோயாளி நேரம் காலையில். தினக்கூலிக்காரருக்கு அரை நாள் போச்சு, முதலாளியிடம் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். மையங்களின் பின்தொடர் கூட்டம் வாரத்துக்கு ஒன்றோ மாதத்துக்கு ஒன்றோதான் இருக்கும். நடுவில் வரும் சனிக்கிழமைகளை நீங்களேதான் கடக்க வேண்டும்.

தனியார் மையம் என்றால் கூடுதல் எச்சரிக்கை. என்னை வீட்டார் சேர்த்த ஒரு மையத்தில், சொன்ன தொகை வேறு, வெளியே வரும்போது கட்டிய தொகை வேறு. மருந்து தனி, சாப்பாடு தனி, பின்தொடர் கூட்டத்துக்குக் கூட ஒரு கட்டணம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப் பழக்கம் சார்ந்த மனநிலைகளும் அடங்கும். அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்து வைத்தியம் செய்யும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வீட்டார் நேரில் பார்க்கலாமா, போனில் பேசலாமா என்றும் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

மாத்திரை பற்றியும் சொல்லியாக வேண்டும். டைசல்ஃபிராம் என்று ஒன்று தருவார்கள். அதைப் போட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். தெரிந்து சாப்பிடுகிறவருக்கு அது வேலி. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் கொலை முயற்சிக்குச் சமம். சில வீடுகளில் இதை இன்னும் செய்கிறார்கள், அதனால்தான் இத்தனை கடுமையாக எழுதுகிறேன்.

ஏ.ஏ.-வா ஆஸ்பத்திரியா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2020-இல் வந்தது. 27 ஆய்வுகள், 10,000 பேருக்கு மேல். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், நோயாளியை முறையாக ஏ.ஏ.-வுக்குள் கொண்டுபோய்விடும் சிகிச்சைதான் மற்றச் சிகிச்சைகளைவிட முன்னால் நின்றது. அதாவது டாக்டரோ ஆலோசகரோ கையைப் பிடித்துக் கூட்டத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சீட்டோடு பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறோம்.

போனில் நடக்கும் கூட்டம்

2020 ஊரடங்கில் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. சில அப்படியே தங்கிவிட்டன. தமிழிலேயே பேசலாம், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களும் வருவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து கேட்கலாம். பஸ் கட்டணம் இல்லை, தெரு இல்லை, கண் இல்லை.

கண் இல்லை என்று முழுசாக நம்பிவிடாதீர்கள். திரையில் உங்கள் பெயர் என்று போனில் பதிந்திருப்பது அப்படியே தெரியும். ஒருவர் தன் கடைப் பெயர், ஊர்ப் பெயரோடு வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நுழையும் முன் பெயரை மாற்றுங்கள், கேமராவை அணையுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லாருக்கும் தெரியும். ஒரே அறை உள்ள வீட்டில் மனைவி, பிள்ளைகள் முன்னால் மனதைத் திறந்து பேச முடியாது. ஆகப்பெரிய குறை இதுதான்: கேமராவை அணைத்துவிட்டு, கையில் கிளாஸோடு கூட்டம் கேட்கலாம்.

சுருக்கமாகப் பார்க்க வேண்டுபவருக்கு ஒரு பட்டியல்:

| | ஏ.ஏ. நேரில் | ஆஸ்பத்திரி, மையம் | போனில் |
|---|---|---|---|
| நேரம் | பெரும்பாலும் சாயங்காலம் | காலை. வாரம் அல்லது மாதம் ஒன்று | தினமும் கிடைக்கும், ராத்திரியும் |
| யார் பார்ப்பார்கள் | உள்ளே இருப்பவர்கள், வாசலில் தெரு | ஓ.பி. வரிசை | பெயரை மாற்றினால் யாரும் இல்லை |
| மறைந்த செலவு | பஸ், வீட்டில் சந்தேகம் | அரை நாள் கூலி. தனியாரில் பில் | டேட்டா, தனி இடம் |
| குடித்துவிட்டால் | அப்படியே திரும்பிப் போகலாம் | டாக்டரிடம் சொன்னால் மருந்து மாறும் | யாருக்கும் தெரியாது, அதுவே ஆபத்து |

மலைமேல் இருப்பவருக்கு

சேலத்துக்காரர் எது வசதி என்று யோசிக்கலாம். ஏற்காட்டுக்காரருக்குக் கேள்வியே வேறு. 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, போக ஒரு மணி நேரத்துக்கு மேல். சாயங்காலக் கூட்டம் முடிந்து அடிவாரம் வந்து நின்றால் மேலே போக பஸ் இருக்குமா என்பதுதான் மனசில் ஓடும். கூட்டத்தில் காது இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து பாதையே அடைபட்டது.

மேஸ்திரியின் மனைவியிடம் நான் சொன்னது இது: முதலில் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், கை நடுக்கம் இருக்கிறது என்கிறீர்கள். அப்புறம் வாரநாளில் போன் கூட்டம், சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மலையிறங்கி வந்து, நேரில் மனிதர்களைப் பார்த்துவிட்டு வெளிச்சத்திலேயே திரும்பட்டும். நேரில் ஒரு தடவையாவது பார்த்த முகம் என்றால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்யத் தோன்றும்.

இன்னொரு வழியும் உண்டு. குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினால் அதையே ஒரு குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது ஏ.ஏ.-வின் மரபிலேயே இருக்கிறது. பக்கத்து எஸ்டேட்டில் நிறுத்தின ஆள் ஒருவர் இருந்தால் போதும். ஆனால் எஸ்டேட்டில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாளைக்கு வேலைக்கு ஆள் பிரிக்கும் மேஸ்திரி, அதே கூலிக்காரர் முன்னால் தன் குடிக்கதையைச் சொல்வது லேசில்லை. தன் கீழ் வேலை செய்யாத ஆளாகப் பார்க்கச் சொன்னேன்.

பட்டறைத் தம்பிக்கு நேர் எதிர். அவருக்குப் பிரச்சினை தூரம் இல்லை, செவ்வாய்ப்பேட்டைக் கண்கள். பட்டறைக்கு எதிர்த் திசையில், பஸ்ஸில் இருபது நிமிஷம் தள்ளி நடக்கும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொன்னேன். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பணத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு.

வீட்டாருக்கு

அவர் வரமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்ய என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அல்-அனான் என்பது குடிக்கிறவரின் குடும்பத்துக்கான கூட்டம், 1951-இல் தொடங்கியது; பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு. இதற்குக் காரணம் நான் இல்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, இதை என்னால் குணமாக்கவும் முடியாது என்ற மூன்றை அங்கே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் மனைவி அங்கே போய் வந்த பிறகுதான் என் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பதை நிறுத்தினார். எனக்கு அது முதலில் கோபமாகத்தான் இருந்தது, இவளுக்கு அக்கறை போய்விட்டதோ என்று. ஏ.ஏ.-விலும் 'திறந்த கூட்டம்' என்றால் குடிக்காத வீட்டாரும் போய் உட்காரலாம். 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 டெலி மானஸ், மனநல உதவி எண். 2022-இலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். ஏ.ஏ.-வுக்கு இந்திய அளவில் இணையதளமும் உதவி எண்களும் உண்டு, ஊர் வாரியாகக் கூட்டங்களைக் கேட்கலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்டாலும் சொல்வார்கள்.

கிடைத்த விலாசத்தை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இடம் மாறியிருக்கும், நாள் மாறியிருக்கும். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கிளம்பும் முன் அந்தக் குழுவில் ஒருவரோடு போனில் பேசிவிடுங்கள். இன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு, திறந்ததா மூடியதா, தமிழிலா என்று கேட்டால் போதும். பஸ் ஸ்டாப்பில் வந்து கூட்டிப்போக முடியுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஒருவர் வருவார். பத்து நிமிஷம் முன்னதாகப் போங்கள். போர்டு எதுவும் தொங்காது. வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள்.